உறைக்கு விட்ட நாட்கள்

நவம்பர் 18

வாடை இறங்கிவிட்டது. இரவு எட்டு மணிக்குத் தயிருக்கு உறை விட்ட பால் விடிய ஆறு மணிக்கும் தளதளவென்றே கிடந்தது. பாலில் பிழை இல்லை. கச்சான் காற்று அடிக்கிற வெயில் மாதங்களில் ஆறு மணித்தியாலத்தில் இறுகுவது, மழை பிடித்தால் பத்து, பன்னிரண்டு என்று இழுக்கும். லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை என்பது வெயில் நாள் கணக்கு. இப்போது ஒன்றரை விடலாம். அதற்குமேல் விட்டால் இறுகுமுன் புளித்துவிடும். உறையைக் கூட்டுவதைவிடச் சூட்டைக் காப்பதுதான் வழி: கூடைக்குள் வைக்கோல், நடுவில் சட்டி, மேலே மூடி, அதற்குமேல் மடித்த சாக்கு.

நவம்பர் 19

அம்மாவின் ரிப்போட் வரவில்லை.

நவம்பர் 23

1978 சூறாவளியின் நாள். வயதானவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் முறிந்த தென்னையும் செத்த மாடும்தான் பேச்சு. தென்னைக்குப் பிள்ளை வைத்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், பட்டி எப்படித் திரும்பியது என்று யாரும் சொல்வதில்லை. எருமை பத்து மாதத்துக்கு மேல் சினை சுமக்கும். பிறந்த கிடேரி தானும் கன்று போட்டுப் பால் தர மூன்றரை, நாலு வருடம் செல்லும். அழிந்த பட்டியை அவசரப்படுத்த ஒரு வழியும் கிடையாது.

டிசம்பர் 1

இன்று முழுக்க அடுப்படியில்தான். வேறெங்கும் மனம் நிற்கவில்லை.

பால் பொங்கி எழுந்த உடனே இறக்குவது தேத்தண்ணிக்குப் போதும், தயிருக்குப் போதாது. பொங்கினதும் நெருப்பைக் குறைத்து, இன்னும் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க விட வேண்டும். அந்தச் சூட்டில்தான் பாலின் புரதம் குணம் மாறி, இறுகும்போது தண்ணீரைப் பிடித்து வைக்கும். அகப்பையால் அடியைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். எருமைப் பால் தடிப்பு, கொழுப்பு மட்டும் நூற்றுக்கு ஏழளவில் இருக்கும், கண்ணை எடுத்தால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த மணம் உறைந்த பிறகும் போகாது, சீனி போட்டாலும் மறையாது.

பிறகு ஆற விட வேண்டும். கழுவிய சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணலாம் என்றால் பதம். விரலை இழுக்கச் சொன்னால் பொறுக்க வேண்டும். சூடே தெரியாவிட்டால் நேரம் போய்விட்டது, மறுகா கொஞ்சம் காய்ச்சு. சூடுமானி உள்ளவர்களுக்கு 42, 43 பாகை. 50ஐத் தாண்டிய பாலில் உறையை விட்டால் உறை செத்துப்போகும். பாலைப் பதம் பார்த்துவிட்டுக் குளிர்ந்த சட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மண் பாதிச் சூட்டைக் குடித்துவிடும். முதலில் வெந்நீர் ஊற்றிச் சட்டியைச் சூடாக்கிக் கொட்டிவிட்டுத்தான் பால்.

“தொறந்து தொறந்து பாக்காத புள்ள. அது தன்ட வேலையச் செய்யட்டும்.” கட்டிலில் இருந்தபடியே அம்மா சொன்னா.

டிசம்பர் 4

பதினாலு மணித்தியாலம் கழிந்தும் பால் பாலாகவே கிடக்கிறது. கெடவும் இல்லை, உறையவும் இல்லை. நாற்றம் இல்லாமல் இப்படிக் கிடந்தால் ஊசி மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பட்டியில் ஒன்றுக்கு மடிவீக்கம் வந்து அன்டிபயாட்டிக் போட்டிருப்பார்கள். மருந்து பாலில் இறங்கும், காய்ச்சினாலும் பெரும்பகுதி அழியாது, உறையில் உள்ள கிருமியை வளர விடாது. மருந்துக்கு மருந்து வேறுபட்டாலும் பலதுக்கு மூன்று நாளாவது பாலை ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் நட்டம் பட்டிக்காரருக்கு, அதனால் எல்லோரும் ஒதுக்குவதில்லை.

சோதிக்க இரண்டு பேணி போதும். ஒன்றில் சந்தேகப் பால், மற்றதில் நம்பிக்கையான வேறு பால். ஒரே சூடு, ஒரே உறை, ஒரே கூடை. இரண்டும் உறையாவிட்டால் உறைதான் பழுது. ஒன்று மட்டும் உறைந்தால் பாலில்தான் கோளாறு.

அம்மாவுக்கும் இன்றிலிருந்து ஊசி. காலை ஒன்று, இரவு ஒன்று.

டிசம்பர் 9

அம்மா இரண்டு கரண்டி தயிர் சாப்பிட்டா. சீனி வேண்டாமாம்.

டிசம்பர் 13

மழை விட்ட ஒரு நாள், சட்டிகளை வெயிலில் வைத்தாயிற்று. புதுச்சட்டியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் கஞ்சித் தண்ணீரை அதிலேயே கொதிக்க வைத்து ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் தயிர் மண் மணக்கும். பழைய சட்டிக்குச் சவர்க்காரம் கூடாது, மண் அதையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு தயிருக்குள் விடும். வெந்நீர், தென்னந்தும்பு, நல்ல வெயில், வேறொன்றும் வேண்டாம். ஓரத்தில் பழைய தயிர் காய்ந்து ஒட்டியிருந்தால் அடுத்த சட்டி நூல் நூலாக இழுபடும்.

பிளாஸ்டிக்கில் உறையவைத்தால் உறையத்தான் செய்யும். ஆனால் மண் தன் சுவரால் தண்ணீரைக் கசியவிட்டு அது ஆவியாகிற அந்த இறுக்கமும் குளிர்ச்சியும் அதில் வராது. விலைக்காக மாறுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, இரண்டும் ஒன்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கிளினிக் கொப்பி எங்கே வைத்தது?

டிசம்பர் 26

2004 சுனாமியின் நாள். மட்டக்களப்பு நாவலடியில் விளக்கு ஏற்றுவார்கள். இன்று உறை விடவில்லை.

ஜனவரி 3

மச்சாள் வந்து சட்டியைப் பார்த்துவிட்டு, “தண்ணி விட்டிருக்குகா, பால்ல தண்ணி கலந்துதான் தந்திருக்கான்” என்றா. கரண்டி போட்ட குழியில் தண்ணீர் ஊறுவது கலப்படம் ஆகாது. எந்தத் தயிரையும் வெட்டினால் ஊறும். கரண்டி படாத சட்டியில் மேலே தண்ணீர் நின்றால்தான் யோசிக்க வேண்டும்: உறையும்போது யாரோ அசைத்திருக்க வேண்டும், அல்லது சூடு கூடியிருக்க வேண்டும், அல்லது இறுகிய பிறகும் குளிரில் வைக்காமல் விட்டிருக்க வேண்டும். சட்டியைக் கவிழ்த்துக் காட்டி விற்கிறதும் அத்தாட்சி இல்லை. மா கலந்ததும் விழாது. சந்தேகம் என்றால் ஒரு துளி அயடீன், நீலமாக மாறினால் மா.

அம்மா அந்தத் தண்ணீரைத்தான் கேட்டுக் குடித்தா. அரைக் கோப்பை. வாந்தி இல்லை.

ஜனவரி 4

இன்றும் அரைக் கோப்பை!

ஜனவரி 9

கொழும்புக்கு அனுப்பியது இன்னும் வரவில்லையாம். “வந்தா நாங்களே எடுத்துச் சொல்லுவம்.” இதையேதான் போன கிழமையும் சொன்னார்கள். போன் பக்கத்தில்தான் கிடக்கிறது. எடுத்து எடுத்துப் பார்க்கிறது.

ஜனவரி 16

பட்டிப் பொங்கல். வாய்க்கால் ஓரம் எருமைகளைக் குளிப்பாட்டுகிறார்கள், கொம்புக்கு மாலை. இன்று காலைப் பால் விற்பனைக்கு வராது, கன்றுகளுக்குத்தான். எனவே உறைக்கு முந்தின நாள் தயிரில் இரண்டு கரண்டியைத் தனியாக எடுத்து, சிறிய போத்தலில், குளிர்ப்பெட்டியில். ஒன்றிரண்டு நாள் நிற்கும். அதற்குமேல் புளிப்புக் கிருமி மட்டும் மிஞ்சி, தயிர் கெட்டியாகுமுன் நாக்கைக் கூசவைக்கும்.

ஜனவரி 18

இரண்டு லீற்றர் வந்தது. போத்தல் உறை புளித்துவிட்டது, பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். பத்து மணிக்குப் போன் வந்தது, கிளினிக் துண்டையும் பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு வரட்டுமாம். பால் அடுப்பில், இன்னும் ஆறு நிமிடம் கொதிக்க வேண்டும்