அது பயிற்சி விஷயம்

"அது பயிற்சி விஷயம், டிசைன் விஷயம் இல்லை." துப்பாக்கி விளக்குகளின் வரைபடங்களைப் பார்க்கும் ரிவ்யூ கூட்டத்தில் இதைச் சொன்னது நான்தான். குரலை உயர்த்தவில்லை, யாரையும் மட்டம் தட்டவும் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள், அடுத்த வரைபடத்துக்குப் போய்விட்டோம். ஆனாலும் வருடக்கணக்கில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

பிஸ்டல் விளக்குக்கு நாங்கள் செய்த துணைச் சுவிட்ச் பற்றிய பேச்சு அது. டிரிகரைச் சுற்றியுள்ள வளையம்தான் டிரிகர் கார்டு, அதற்கு முன்னால் துப்பாக்கியின் அடியில் இருக்கும் பள்ளம் வெட்டிய பட்டையில், அதாவது ரெயிலில், விளக்கு உட்காரும், சாதாரணமாக அதன் பின்பக்கச் சுவிட்சை மறு கையின் கட்டைவிரலால் போடுவார்கள். எங்கள் துணைச் சுவிட்ச் ஒரு பட்டை போல டிரிகர் கார்டுக்கு அடியில் ஓடி, பிடியின் முன்பக்கத்தில் முடியும். துப்பாக்கி பிடித்த கையின் நடுவிரலால் அழுத்தினால் வெளிச்சம், ஒரே கை போதும். கேட்டது போலீஸ்காரர்கள்தான், நாங்களாகக் கண்டுபிடித்து அவர்கள் தலையில் கட்டவில்லை.

2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்த பிறகு "மாடுலர்" என்ற சொல் இல்லாமல் எங்களிடம் ஒரு கூட்டம்கூட நடந்ததில்லை. அந்தத் துப்பாக்கியில் சட்டப்படி "துப்பாக்கி" என்பது உள்ளே இருக்கும், வரிசை எண் பொறித்த சின்ன டிரிகர் தொகுதி மட்டும்தான், பிடியும், மேலே முன்பின் நகரும் ஸ்லைடும் மாற்றிக்கொள்ளக்கூடிய உதிரிகள். எனக்கு இந்தச் சிந்தனை ரொம்பப் பிடிக்கும். இணைப்பு அளவுகளைச் சரியாக வைத்துவிட்டால் அதற்கு அந்தப் பக்கம் என்ன மாட்டினாலும் நம் கவலை இல்லை. பிக்கட்டினி என்ற பொது அளவு ரெயிலில் பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மி.மீ., 1995-ல் எழுதிவைத்தது இன்றும் ஓடுகிறது. கிளாக் பிஸ்டலின் ரெயில் அதைவிட ஒடுக்கம், அதனால் விளக்குப் பெட்டியில் ரெயிலுக்கொரு சாவி என்று குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டு அனுப்புவோம். அவற்றின் ஆட்டத்தை மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்துப் பார்த்துக் குறைத்தவன் நான். விரலுக்கு அப்படி ஒரு வரைபடம் எங்கள் யாரிடமும் இல்லை.

கூட்டத்தில் இருந்த ஆலோசகர் ஓய்வு பெற்ற போலீஸ் பயிற்சியாளர், அதிகம் பேசமாட்டார். பயிற்சிக்கான நீலநிற ரப்பர் பிஸ்டலில் சுவிட்சை மாட்டி என் கையில் கொடுத்தார். "ஆள்காட்டி விரலை டிரிகருக்கு மேலே ஃபிரேமில், துப்பாக்கியின் உடல் மேல், நீட்டி வை. இப்போது விளக்கைப் போடு." போட்டேன். "இன்னொரு தரம், வேகமாக." நடுவிரல் அழுந்தியபோது நீட்டி வைத்திருந்த ஆள்காட்டி விரலும் கொஞ்சம் உள்ளே மடங்கியது. கொஞ்சம்தான். ஆனால் எல்லோரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் ஏன் கவலைப்பட்டார் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2010-ல் டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் ஓர் அதிகாரி சுட்டு ஒருவர் இறந்தார், விளக்கைப் போடத்தான் நினைத்தேன் என்றார் சுட்டவர். அவர் துப்பாக்கியில் இருந்ததும் இதே மாதிரி பிடிச் சுவிட்ச்தான்.

நான் சொன்னதில் தப்பில்லை என்றும் வாதாட முடியும். டிரிகர் பக்கம் விரல் போகக்கூடாது என்பது முதல் நாள் பாடம். இருட்டில் எதிரே நிற்பவன் கையில் இருப்பது செல்போனா கத்தியா என்று தெரியாமல் சுட்டுவிடுவதும் நடக்கிறது, வெளிச்சம் உயிரைக் காப்பாற்றும். நாங்கள் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்திருப்பார். இந்தக் கடைசி வாதத்தை மட்டும் என்னால் சத்தமாகச் சொல்ல முடிவதில்லை.

ஒன்றுமே செய்யாமல் விட்டேன் என்றும் இல்லை. தெரியாமல் அழுந்திவிடக்கூடாது என்று சுவிட்சின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினேன், சோதனையில் தானாக எரிவது நன்றாகவே குறைந்தது, பாராட்டும் கிடைத்தது. சுவிட்ச் கடினமானால் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடித்தால் பக்கத்து விரல் இன்னும் மடங்கும் என்பது பல மாதம் கழித்து, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. ஒருவேளை அந்த ஆலோசகருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அப்புறம் அவர் எங்கள் கூட்டங்களுக்கு வருவதும் நின்றுபோனது, என்னால் என்று நினைத்துக்கொள்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், ஒப்பந்தம் முடிந்திருக்கலாம்.

எங்கள் சுவிட்சால் எதுவும் நடந்ததாக இதுவரை எனக்குத் தகவல் இல்லை. அது ஆறுதலா என்றால், தகவல் எங்கள் மேஜைவரை வரும் வழி எதையும் நாங்கள் அமைத்து வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டம் நடந்த அன்றைக்கு மாலையே கையேட்டில் ஓர் எச்சரிக்கை வரி சேர்த்தேன், சுவிட்சை அழுத்தும்போது ஆள்காட்டி விரல் டிரிகர் கார்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று. மனசாட்சிக்காகத்தான் எழுதினேன் என்று இப்போதும் நம்புகிறேன். வழக்கமாக நான் எழுதும் எதையும் சிவப்பு மையால் கிழிக்கும் சட்டப் பிரிவு, அந்த வரியில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.