எந்த நேரத்தில் போன் கொடுக்கிறீர்கள்?

அரசு மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்று குழந்தையைத் தூக்கி வரும் அம்மாக்களில் பலர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே "போன் பார்ப்பான் மேடம்" என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஏற்கெனவே திட்டு வாங்கியிருப்பார்கள். நானும் என் பங்குக்குத் திட்டினால் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்குப் பிறகு ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். துபாயில் இருக்கும் அப்பாவுடன் எப்போதாவது வீடியோ காலில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. குழந்தை சிரித்தால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறதே. ரைம்ஸ் வீடியோ, குழந்தை 'ம்மா' என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எத்தனை மணி நேரம் என்று கேட்பதைவிட, எந்தெந்த நேரத்தில் என்று கேட்டால் வீடு முழுவதும் தெரிந்துவிடும். காலையில் அடுப்பில் சாதம், கணவருக்கு டிபன் பாக்ஸ், காலைக் கட்டிக்கொண்டு குழந்தை. மாலையில் முழங்கால் வலியோடு பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி. அந்த நேரத்தில் கூட ஒரு ஆள் இல்லை, அதனால் போன் வந்திருக்கிறது. அதைப் பிடுங்கச் சொல்வது சுலபம். அந்த இருபது நிமிடத்துக்கு யார் இருப்பார்கள் என்று சேர்ந்து யோசிப்பதுதான் வேலை. சமையலறைத் தரையில் நாலு பாத்திரமும் ஒரு கரண்டியும், உரிக்கக் கொஞ்சம் பட்டாணி, இவற்றிலேயே பல வீடுகளில் காலை நேரம் சமாளிக்கப்பட்டிருக்கிறது.

சாப்பாட்டு நேரம்தான் எல்லாவற்றிலும் கடினம். வீடியோ ஓடும்போது குழந்தை வாயைத் திறக்கும், விழுங்கும். பசித்ததா, வயிறு நிறைந்ததா என்பது அதற்கே தெரியாது. நான் ஒரே நேரத்தில் எல்லா வேளையும் மாற்றச் சொல்வதில்லை. முதலில் ஒரு வேளை மட்டும், பெரியவர்கள் சாப்பிடும்போதே பக்கத்தில் உட்கார்த்தி, இட்லியைப் பிய்த்துத் தட்டில் போட்டுவிடுங்கள், அவனே எடுக்கட்டும், சிந்தட்டும். அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். முதல் சில நாட்கள் அழுகை கூடத்தான் செய்யும். மூன்றாம் நாள் மனமிரங்கிப் போனைக் கொடுத்துவிட்டால், இன்னும் அதிக நேரம் அழுதால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். இதைப் பாட்டியிடம் நேரில் சொல்ல வேண்டும், அதனால் அவர்களையும் கூட்டி வரச் சொல்வேன். "புள்ள பட்டினி கிடக்குதே" என்ற தவிப்பு அவர்களுடையதுதான். எடையைப் போட்டு, வளர்ச்சி அட்டையில் கோடு எங்கே நிற்கிறது என்று காட்டினால் பாதி பயம் போய்விடுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சு தாமதமானால் போன்தான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கும் பரிசோதனை. போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிட்டது என்று யூடியூபில் கேட்டுவிட்டு அழுதுகொண்டு வருகிறார்கள். ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது, தாயின் தவறால் வருவது இல்லை. அதிகத் திரையால் பேசிப் பழகும் நேரம் குறையும், அது உண்மை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பரிசோதனை தள்ளிப்போகிறது, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் போனைவிட ஹாலில் இருக்கும் டிவி மேல். எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம், "அந்த யானை எங்கே போகுது?" என்று கேட்கலாம். போனில்தான் என்றால் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு, எந்த வீடியோ என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அடுத்தது தானாக வராது, சண்டையும் குறையும். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தால் அம்மாவோ அப்பாவோ நோட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் அப்பாக்கள். முதல் முறை வராவிட்டால் அடுத்த முறை கட்டாயம் வரச் சொல்கிறேன். படுக்கையில் ரீல்ஸ் பார்க்கும் அப்பாவின் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையைத் தூங்க வைப்பது அம்மாவால் மட்டும் ஆகாது. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பெரியவர்கள் போன் உட்பட எல்லாம் ஹாலில் சார்ஜுக்குப் போய்விட வேண்டும் என்று அவரிடமே சொல்கிறேன். ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு, "வேலை விஷயமா கால் வரும் மேடம்" என்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் ரிங் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஹாலிலேயே விடச் சொல்கிறேன்.