ஸ்பிதிக்குப் பேருந்திலேயே போகலாம், ஜீப்பில் மட்டும் ஏறாதீர்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போய்வந்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வழி, செலவு, தங்குமிடம் என்று வரிசையாகத் தருவதாகக் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் டங்கர் ஜீப்காரரை ஒரு பிடி பிடிக்காமல் வரிசை எதுவும் எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டங்கர் என்ற பௌத்த மடம் நெடுஞ்சாலையில் இல்லை. தாபோவிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவுக்குப் போகும் பேருந்து சிச்லிங்கில் இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து மலை மேல் எட்டு கிலோமீட்டர். முதுகில் மூட்டையோடு அந்த உயரத்தில் நடக்க எங்களில் ஒருவனுக்கும் தெம்பில்லை. ஈ காக்கை இல்லாத சாலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. போக வர 1,500 என்றார், பேசிப் பேசி 1,200க்கு இறங்கினார், மடத்துக்கு மேலே இருக்கும் ஏரிக்கும் நடந்து போய் வருவோம் என்று ஏறும்போதே சொல்லிவிட்டோம், தலையையும் ஆட்டினார். ஏரிக்கு மூச்சு வாங்க ஏறி இறங்கி வந்து பார்த்தால் காத்திருந்ததற்குத் தனியாக 800 என்கிறார்! எங்கள் பைகள் எல்லாம் அவர் வண்டிக்குள் இருக்கின்றன, சாவி அவர் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன பேரம் பேசுவது. பொதுப்பணத்தை வைத்திருந்த நண்பன், அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை, அரைகுறை இந்தியில் சண்டை போட்டு 400க்குக் கொண்டுவந்தான். ஆக மொத்தம் 1,600. பதினாறு கிலோமீட்டருக்கு. பக்கத்துக் கின்னௌர் மாவட்டத்தின் ரெக்காங் பியோவிலிருந்து காசா வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டரை ஆளுக்கு ஐநூறுகூடக் கேட்காத அரசுப் பேருந்தில் கடப்பவர்களுக்கு இது வயிற்றெரிச்சலா இல்லையா?

டங்கர் என்னவோ அந்தக் காசுக்குத் தகும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் ஸ்பிதியின் தலைநகரமாக இருந்த இடம். அரித்துப்போன மண் குன்றின் நுனியில் மடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கீழே ‘பின்’ என்ற ஆறும் ஸ்பிதி ஆறும் பல கிளைகளாகப் பிரிந்து வந்து சேர்கின்றன. உலகின் அழியும் நிலையில் இருக்கும் நூறு இடங்கள் என்று 2006இல் உலக நினைவுச்சின்ன நிதியம் போட்ட பட்டியலில் இதுவும் இருந்தது. உள்ளே மரத்தரையில் கால் வைக்கும்போது ஏன் என்று புரிந்தது.

சரி, பேருந்து. சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோ வந்தது பற்றி எழுத ஒன்றுமில்லை, தூங்கினேன். பியோவில் விடியற்காலையிலேயே பேருந்து நிலையத்தில் போய் நின்றுவிடுங்கள், ஜன்னல் இருக்கை கிடைக்காவிட்டால் இந்தப் பயணத்துக்கு அர்த்தமே இல்லை. நாங்கள் போனது செப்டம்பர், கின்னௌரில் ஆப்பிள் பறிக்கும் காலம், வழி நெடுக அட்டைப்பெட்டிகள் மலைபோலக் குவிந்திருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி பச்சை விளிம்பு போட்ட கின்னௌரித் தொப்பிக்குள்ளிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு ஆப்பிளைக் கையில் திணித்தார். அதற்குப் பிறகு பூ என்ற ஊர் தாண்டும்வரை நான் அவருக்குப் பேரன், என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டபடிதான் வந்தார்.

பூவுக்கு அப்பால் பச்சை என்பதே நின்றுபோகிறது. பருவமழை மேகங்களை இமயம் தெற்கிலேயே மறித்துவிடுவதால் இந்தப் பக்கம் மழை கொஞ்சம்தான், மலை எல்லாம் வெறும் கல்லும் மண்ணும். காப் என்ற இடத்தில் திபெத்திலிருந்து வரும் சட்லஜோடு ஸ்பிதி ஆறு கலக்கிறது, அந்தப் பாலத்தைக் கடந்ததும் சாலை கொண்டைஊசி மேல் கொண்டைஊசியாக நாகோவை நோக்கி ஏறும். ஓட்டுநர் ஒரு கையில் ஸ்டியரிங், மறுகையில் பீடி. எனக்கு வயிற்றைக் கலக்கியது, பேருந்தில் வேறு யாருக்கும் எதுவும் ஆனதாகத் தெரியவில்லை. நாகோ தாண்டி ஓரிடத்தில் மேலேயிருந்து கல் உருண்டுகொண்டிருந்தது. நடத்துநர் விசில் அடித்து எல்லோரையும் இறக்கிவிட்டார், ஒவ்வொருவராக ஓடிக் கடந்தோம், மலையையே பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர் திடீரென்று காலி வண்டியை ஒரே விரட்டாக விரட்டி இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். கைதட்டியது நாங்கள் மட்டும்தான். உள்ளூர்க்காரர்கள் அமைதியாக ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்வேன், அந்தச் சாலையில் வாடகைக் கார் எடுத்துத் தானே ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களைவிட இந்த ஓட்டுநரை ஆயிரம் மடங்கு நம்பலாம்.

தாபோவில் இறங்கியபோது எலும்பெல்லாம் கழன்று கிடந்தது. மடத்துக்குப் போகும் தெருவில் ஒரு அக்கா நடத்தும் சின்னக் கடை, நான்கு மேசை. துக்பா சொன்னோம், சூப்பில் காய்கறியோடு கையால் உருட்டி வெட்டிய நூடுல்ஸ், மேலே காய்ந்த மிளகாய்த் துவையல். கூடவே திங்மோ, ஆவியில் வெந்த மடிப்பு மடிப்பான ரொட்டி, பிய்த்துப் பிய்த்து சூப்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். "டேய், இன்னொரு கிண்ணம் சொல்லட்டுமா?" என்று கணக்குப்பிள்ளையே கேட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அவன் தேநீருக்குக்கூட யோசிக்கிறவன். மூன்றாவது கிண்ணத்துக்கு அக்கா காசு வாங்கவில்லை. இந்தப் பயணத்தில் வேறு எங்கும் இப்படிச் சாப்பிடவில்லை, காசாவில் சுற்றுலாக்காரர்களுக்காகத் திறந்திருக்கும் கஃபேக்களில் இரண்டு மடங்கு விலைக்குக் கிடைப்பது பாஸ்தா.

தாபோ மடம் 996இல் கட்டியது. வெளியே பார்த்தால் மொத்தையான மண்சுவர், இதற்கா இவ்வளவு தூரம் என்று தோன்றும். உள்ளே நுழைந்து இருட்டுக்குக் கண் பழகியதும் சுவர் முழுக்க ஓவியங்களும் சுவரிலிருந்து புறப்பட்டு வந்து மிதப்பதுபோன்ற மண் சிற்பங்களும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. படம் எடுக்கக் கூடாது, அது ரொம்ப நல்லது. கொஞ்ச நேரமாவது எல்லோரும் சுவரைப் பார்க்கிறோம்.

காசாவில் தங்கிக்கொண்டு கீ மடத்துக்கு மாலைப் பேருந்தில் போய், அங்கேயே ராத்திரி தங்கிக் காலையில் அதே பேருந்தில் இறங்கினோம், சொற்பக் காசு. லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்ற மலைக் கிராமங்கள் பக்கம் பேருந்து எல்லா நாளும் கிடையாது, அதனால் டாக்சியைப் பங்கு போட்டுக்கொள்வதற்காக முன்பின் அறிமுகமில்லாதவர்களைத் தேடிப் பிடித்தோம். லாங்சாவில் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த உயிரினங்களின் சுருள் சுருளான கல்லெச்சங்கள் கிடைக்கும், சிறுவர்கள் விற்க வருவார்கள், வாங்காதீர்கள். 4,400 மீட்டருக்கு மேலே இருக்கும் ஹிக்கிம் அஞ்சலகம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, அஞ்சலட்டை எழுதுகிறவர்களைவிட அஞ்சல்பெட்டியோடு படம் எடுப்பவர்கள்தான் அதிகம். பணத்தைக் கையிலேயே எடுத்துப் போங்கள், காசா ஏடிஎம் முன்னால் நின்றே எங்களுக்கு ஒரு காலைப்பொழுது வீணாயிற்று.

திரும்பும் வழி குன்சும் கணவாய். காசாவிலிருந்து அதிகாலையில் மணாலிக்குக் கிளம்பும் பேருந்தில் பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே காலை நுழைத்து உட்கார்ந்தோம், ஸ்பிதிக்காரர்களுக்குப் பச்சைப் பட்டாணிதான் காசு. 4,551 மீட்டரில் குன்சும் தேவி கோயிலைப் பேருந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கும். பாதலிலிருந்து கிராம்பூ வரை இருப்பதைச் சாலை என்று சொன்னவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஓடை சாலையில் ஓடுகிறதா, சாலை ஓடையில் ஓடுகிறதா என்று தெரியாத பாறைக் குவியல், தலை கூரையில் இடித்து வீங்கிவிட்டது. அதன் பிறகு 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதை, ஒன்பது கிலோமீட்டர் குலுங்காமல் போனதில் பேருந்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

இந்த மணாலிப் பக்கமாக உள்ளே போகிறேன் என்று கிளம்பாதீர்கள். சுமார் 2,000 மீட்டரிலிருந்து ஒரே பகலில் குன்சும் உயரத்துக்கு ஏறினால் தலைவலியும் வாந்தியும்தான் மிச்சம், காசா விடுதியில் அப்படி வந்து சுருண்டு கிடந்தவர்களைப் பார்த்தோம். பியோ, நாகோ, தாபோ என்று தங்கித் தங்கி ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். தவிர குன்சும் வழி குளிர்காலத்தில் பனியில் மூடிவிடும், பெரும்பாலும் ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில்தான் பேருந்து. கின்னௌர் வழியில் அந்தத் தொல்லை குறைவு, துக்பா கடையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.