புர்சா வெல்வெட்: கார்னேஷன் விசிறி தறியேறிய கதை

துருக்கியின் புர்சா நகரத்தில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் நெய்த வெல்வெட் திண்டு உறைகள்மேல் எனக்குத் தீராத ஆசை. சுவரோரம் போட்ட நீளமான இருக்கையில் சாய்ந்துகொள்ள வைத்த திண்டுகள் அவை. அங்கே அவற்றுக்கு யஸ்தக் என்று பெயர். ஒரு மீட்டரைத் தாண்டிய நீளம், அதில் பாதிக்குச் சற்று மேல் அகலம், இரண்டு முனைகளிலும் வரிசையாகச் சின்னச் சின்ன வளைவு மாடங்கள். நடுவில் விசிறி மாதிரி விரிந்த கார்னேஷன் பூக்கள். அந்த ஒரு பூவைத்தான் மேசைத் தறியில் ஏற்றியிருக்கிறேன்.

முதல் வேலை கட்டத்தாள். இதழின் மேல்விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கும். அதைக் கட்டங்களில் நிரப்பும்போதே அந்த வடிவத்தின் அருமை புரிந்தது. வெல்வெட்டில் கோடு எப்படியும் படிப்படியாகத்தான் ஏறும். ரம்பப் பல்லுக்கு அதுவே பொருத்தம். மெல்லிய கொடியை, வெல்வெட்டின் மேலே நிமிர்ந்து நிற்கும் மயிர்ப்பரப்பு விழுங்கிவிடும். பெரிய பூ, இரண்டு மூன்றே நிறம் என்று புர்சா நெசவாளர்கள் வைத்தது சும்மா இல்லை.

அப்புறம் தறி. அடித்துணிக்கு ஒரு பாவு (நீளவாக்கு இழைகள்), மயிருக்குத் தனியாக இன்னொரு பாவு. மூன்று ஊடை (குறுக்கிழை) அடித்ததும், பூ வரவேண்டிய இடத்தில் மட்டும் மயிர்ப்பாவு இழைகளைக் குச்சியால் பொறுக்கித் தூக்கி, அடியில் பித்தளைக் கம்பியைச் செருகுகிறேன். மறுபடி மூன்று ஊடை. கம்பியின் முதுகில் ஓடும் பள்ளத்தில் பிளேடை இழுத்தால் கம்பிமேல் வளைந்த இழைச் சுருக்கு அறுந்து மயிர் நிமிர்கிறது. இழையின் சிவப்பு திடீரென்று கருஞ்சிவப்பாக மாறுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்! வெட்டுமுனையில் ஒளி திரும்பாமல் உள்ளே இறங்கிவிடுகிறது.

சிக்கல் வேறிடத்தில். பூவுக்குள் வரும் இழை கம்பிமேல் ஏறி இறங்கி நிறைய நீளத்தைத் தின்னும். பூ இல்லாத வெற்றிடத்து இழைக்கு அவ்வளவு தேவையில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே உருளையில் சுற்ற முடியாது. ஒவ்வொரு இழைக்கும் தனித் தார் (இழை சுற்றிய சிறு உருளை), அதை இழுத்துப் பிடிக்கத் தனிக் கனம். நான் சின்ன இரும்பு நட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். என் சின்னப் பட்டைக்கே இத்தனை கனம் தேவைப்படுகிறது என்றால், முழு அகல உறை நெய்த புர்சா பட்டறையை நினைத்துப் பாருங்கள்.

பூவைச் சுற்றிய வெற்றிடத்தை ஜரிகை மூடுகிறது. இப்படி மயிரும் ஜரிகையும் சேர்ந்த துணியைச் சாத்மா என்பார்கள். காஞ்சிபுரம் ஜரிகையில் வெள்ளித் தகட்டைச் சிவப்புப் பட்டிழைமேல் சுற்றித் தங்க முலாம் பூசுவார்கள். புர்சாவில் தங்க முலாம் பூசிய தகட்டுக்கு மஞ்சள் பட்டிழை, வெறும் வெள்ளிக்கு வெள்ளை இழை. ஜரிகையின் நடு இழை சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருக்க, இரண்டையும் அடுத்தடுத்து நெய்து பார்த்தேன். கருஞ்சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் மஞ்சள் நடுதான் எடுப்பாக நிற்கிறது. சிவப்பு நடு பூவின் விளிம்போடு கலக்கிறது. ஊடைக்குப் பருத்திதான் போடுகிறேன், அவர்களும் பல உறைகளில் அதையே போட்டார்கள்.

இப்போது பாதி விசிறி முடிந்திருக்கிறது. மீதிப் பாதியில் இதழுக்குள் ஒரு சின்ன டூலிப் பூ வர வேண்டும், பச்சை மயிரில். அதற்கு இன்னொரு தொகுதி மயிர்ப்பாவு கோக்க வேண்டும். பச்சைப் பட்டு சாயத்தில் இருக்கிறது, நட்டுகளும் வாங்கியாயிற்று.