மூடியா இருக்கும்

"மூடியா இருக்கும்."

நான் சொன்னது அவ்வளவுதான். என் கராஜில் வேலை பழகிய பெடியன்ர பெயரைச் சொல்லவில்லை, அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் முதல் நாள் இரவு ரேடியேட்டர் மூடியைப் பூட்டியது அவன்தான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கார்க்காரர் அவனைப் பார்த்தார். அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். ஏற்கெனவே துடைத்த கை.

கார் பழைய டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டர்போ. 1331 சிசி எஞ்சின், கம்பனியில் இருந்து வரும்போதே 135 குதிரைவலு. அந்த எஞ்சினைக் கழற்றியவர்களுக்கு நான் எந்த இடத்தைச் சொல்கிறேன் என்று புரியும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேர் பின்னால். நடுவில் கை நுழைந்தால் தோல் உரியும். அதற்குள் தடிப்பான ரேடியேட்டர் ஒன்றைத் திணித்து, அதற்கு முன்னால், டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரையும் மாட்டினோம். ஃபேனுக்கு மிஞ்சியது மூன்று விரல் அகலம்தான். மெல்லிய ஃபேன் ஒன்றைக் கொழும்பில் கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கித் தேடி எடுத்தேன்.

முழு வேகத்தில் ஓடும் அந்தச் சின்ன எஞ்சின் குளிர்விக்கும் தண்ணீருக்குள் தள்ளும் சூடு, முப்பது நாற்பது மின்சாரக் கேத்தல்களை ஒன்றாகப் போட்டதற்குச் சமம். அதையெல்லாம் காற்றுத்தான் கொண்டுபோக வேண்டும். நம்முடைய காற்றோ வரும்போதே 32 பாகை. இன்டர்கூலரைத் தாண்டி ரேடியேட்டருக்கு வரும்போது இன்னும் சூடாகிவிடும்.

கார்க்காரர் வெள்ளவத்தை ஆள், நல்ல மனுசன். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. "அண்ணா, பொனட்ட மட்டும் வெட்டிப்போடாதேங்கோ. இப்பிடி ஒண்டு இனிக் கிடைக்காது." வெட்டுவதற்குப் பதிலாகப் பின்பக்கத்தை வாஷர் வைத்துக் கொஞ்சம் தூக்கினால் என்ன என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காலி வீதி நெரிசலில் நிற்கும்போது அந்த இடைவெளியால் சூடு வெளியேறும். வேகம் எடுத்தால் கண்ணாடியின் அடியில் காற்று முட்டி அழுத்தம் கூடும், அதே இடைவெளியால் காற்று உள்ளே வரும். முன்னால் அழுத்தம் கூடவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் ரேடியேட்டருக்குள் காற்று ஓடும் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். பக்கத்தில் நின்று பெடியனும் கேட்டுக்கொண்டிருந்தான். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, வந்து ஏழு மாதம்.

அன்று இரவு பத்து மணி இருக்கும். அவன் பொனட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டான். "அண்ணே, இன்டர்கூலர முன்னால கொண்டுபோயிட்டோம். பொனட் மேல இருக்குற இந்த ஸ்கூப் ஓட்டை வழியாவும் காத்து வருது, முன்னாலயும் வருது. ரெண்டும் உள்ளுக்குள்ள முட்டிக்காதா? எந்தப் பக்கமா வெளிய போகும்?"

"அது தன்ர பாட்டில போகும். நீ ஹோஸ் கிளிப்ப இறுக்கு."

பகலில் நான் சொன்னதைத்தான் அவன் திருப்பிக் கேட்டான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அல்லது உறைத்ததோ என்னவோ. விடியக் கட்டுகுருந்தைக்கு ஓட்டத்துக்குப் போக வேண்டும், இன்னும் பிரேக்கில் காற்று எடுக்கவில்லை. பதினெட்டு வருடம் இந்த வேலை செய்தவன் அந்த நேரத்தில் ஏழு மாதப் பெடியனுடைய கேள்விக்கு நின்று பதில் சொல்லியிருக்க வேண்டுமா? வேண்டும் என்று இப்போது எழுதுவது சுலபம். அந்த ஸ்கூப்பை ஒரு தகரத்தால் மூட எவ்வளவு நேரம் போயிருக்கும்? பத்து நிமிடம்.

கட்டுகுருந்தை பழைய விமான ஓடுபாதை. நிழலே இல்லை. தண்ணீரின் சூடு இரண்டாம் சுற்றில் 100 பாகை, மூன்றில் 104, நாலில் 108. ஐந்தாவது முடிந்து வரும்போது 112, அடியில் ஆவி. எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. பிறகு ஹெட்டைக் கழற்றி அளவுகோல் வைத்துப் பார்த்தபோது அலுமினியமும் வளைந்திருந்தது.

அப்போதுதான் கார்க்காரர் "என்னண்ணா நடந்தது?" என்று கேட்டார். நானும் அந்த இரண்டு சொல்லைச் சொன்னேன்.

நான் சொன்னது பொய்யென்றும் சொல்ல முடியாது. கராஜுக்கு வந்து மூடியை அழுத்தம் பார்க்கும் பம்பில் வைத்துப் பார்த்தேன். 0.9 பார் அழுத்தத்தில் திறக்க வேண்டியது 0.6இலேயே திறந்தது. அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் கூடும்; மூடி 0.9 பிடித்திருந்தால் தண்ணீர் 118 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். 0.6 என்றால் 113 பாகையிலேயே கொதித்துவிடும். கணக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் சுற்றுக்கு நாலு பாகையாக ஏறிக்கொண்டிருந்த காருக்கு நல்ல மூடி எதைக் கொடுத்திருக்கும்? இன்னும் ஒரு சுற்று, கூடினால் இரண்டு. அந்தப் பழைய மூடியை லாச்சிக்குள் இருந்து எடுத்து அவன் கையில் கொடுத்ததும் நான்தான். இதைக் கார்க்காரரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

ஹெட்டை மட்டப்படுத்தி, ஸ்கூப்பை மூடி, இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருந்த இடுக்குகளை அலுமினியத் தகட்டாலும் ஸ்பொஞ்சாலும் அடைத்தேன். கார்க்காரரும் மனம் இறங்கி, பொனட்டின் முன்பாகத்தில் ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு வெட்டு வெட்ட விட்டார். காற்று மேலே வழுக்கிப் போகும்போது அழுத்தம் குறைகிற இடம் அது. அடுத்த முறை எட்டுச் சுற்று ஓடியும் 97ஐத் தாண்டவில்லை. பெடியன் கேட்டது சரி என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் அன்று காலை மழை பெய்திருந்தது, மூடியும் புதிது. எது காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. அப்படிச் சொல்ல முடியாமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது. அது பிடிக்கவில்லை.

அதைக் காட்டப் பெடியன் அங்கே இல்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வீட்டில் பிரச்சினை என்று சொன்னதாகக் கேள்வி. இருக்கலாம்.

போன மாதம் கோல் எடுத்தான். கண்டியில் ஒரு கராஜில் நிற்கிறானாம், அங்கேயும் ஒரு டர்போ கார் வந்திருக்கிறதாம். "அண்ணே, மூடி 0.9 போடவா, 1.1 போடவா? இந்தத் தடவ புதுசாவே வாங்கிட்டேன். நம்ம கார்ல நான் சரியா பாக்காம பூட்டினதாலதானே அப்படி ஆச்சு."

1.1 போடு என்றேன். பழைய ஹோஸ் என்றால் அதையும் மாற்று என்றேன். அம்மாவை விசாரித்தேன், சுகமாக இருக்கிறா என்றான். பிறகு அவனுக்கு யாரோ கூப்பிட்ட சத்தம் கேட்டது. வைத்துவிட்டான்.