பாசிக்குப் பெயர் வைக்கணுமா, குட்டை வற்றட்டும்

பாலைவனக் குட்டை ஒன்றில் புது இனப் பச்சைப் பாசி என்று எங்காவது படித்தால், படங்களில் நான் முதலில் தேடுவது அதன் வித்துகளைத்தான். இழை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, வித்து இல்லையென்றால் எனக்கு மனசு ஒப்பாது.

பள்ளிக்கூடத்தில் ஸ்பைரோகைரா படம் வரைந்திருப்பீர்களே, செல்லுக்குள் பச்சை நாடா சுருள் சுருளாக ஓடும், அதையே எடுத்துக்கொள்வோம். அதில் நானூறுக்கும் மேல் இனங்கள் உண்டு. இழையின் அகலம், நாடாக்கள் எத்தனை, குறுக்குச்சுவர் மடிந்திருக்கிறதா, எல்லாம் பார்க்கலாம், ஆனால் அதோடு பெயர் வந்துவிடாது. இரண்டு இழைகள் பக்கம் பக்கமாக நின்று, ஒன்றின் உயிர்ப்பொருள் இன்னொன்றுக்குள் போய்ச் சேர்ந்து, தடித்த சுவரோடு ஒரு வித்து உருவாக வேண்டும். அதன் வடிவமும் நிறமும், சுவரில் குழியா வரியா என்பதும் தெரிந்தால்தான் இனம் பிடிபடும்.

அகலத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோஷா என்ற பாசி ஆய்வாளரின் குழுவினர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரே இழையிலிருந்து வளர்த்த பாசியில் குரோமோசோம் மடங்கு (செல்லில் குரோமோசோம் தொகுதி எத்தனை என்பது) மாறி, வெவ்வேறு அகலத்தில் இழைகள் வந்தன, பழைய புத்தகப்படி பார்த்தால் அவை வேறு வேறு இனங்கள்!

சரி, இப்போதுதான் டி.என்.ஏ. இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைப் புதிது என்று சொல்ல, அது பழையவற்றில் எதுவும் இல்லை என்று காட்டியாக வேண்டும், அந்தப் பழைய பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு நம்மிடம் இருப்பது வித்தின் கோட்டோவியமும் நாலு வரி லத்தீன் விவரிப்பும்தான். (புதுப் பெயர்களுக்கு 2012 முதல் லத்தீன் கட்டாயமில்லை, ஆங்கிலத்திலும் விவரிக்கலாம்.)

பாலை நீர்நிலைகளில் வித்து கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ராஜஸ்தானில் நாடி என்கிற ஊர்க்குட்டைகளும், அமெரிக்கப் பாலைகளின் பாறைக்குழிகளும் மழைக்கு நிரம்பி, சில வாரமோ சில மாதமோ இருந்து வற்றிவிடும். அடுத்த மழை வரை வெயிலைத் தாங்கிக் கிடப்பது அந்தத் தடித்த சுவர் வித்துதான்.

நம் வேலூர் பாலைவனம் இல்லை, ஆனாலும் மலைமேல் பாறைக்குழிகளும் பாலாற்று மணல் பள்ளங்களும் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிப் பங்குனிக்குள் காய்ந்துவிடுகின்றன. மாணவர்களோ மழை விட்டதும் ஓடிப்போய்ப் பச்சைப்பசேலென்று இருப்பதை அள்ளி வருகிறார்கள். பொங்கல் கழித்து அதே இடத்துக்கு இன்னொரு தடவை போங்கள், தண்ணீர் சுருங்கிய ஓரத்தில் மஞ்சளாகி, பழுப்பேறி, பார்க்கவே பிடிக்காத மாதிரி கிடக்குமே, அதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் 1932-இல் விவரித்த ஃப்ரிட்சியெல்லாவும் வற்றிய மழைநீர்ச் சேற்றில் வளர்கிற பாசிதான். மண்ணுக்குள் கிழங்கு போன்ற செல் கொத்து, மேலே நிமிர்ந்த இழைகள் என்று, நிலத்தாவரங்கள் எப்படித் தோன்றின என்ற பேச்சில் இன்றும் அது வராமல் இருப்பதில்லை.

அப்புறம், எடுத்ததில் ஒரு பங்கை உலர்த்தித் தாளில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதி, ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவரக் காப்பகத்தில், கொடுத்துவிடுங்கள். வகை மாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி, எங்கே இருக்கிறது என்று குறிப்பிடாமல் வெளியிடுகிற புதுப் பெயர் விதிப்படி செல்லாது.