அப்பாவின் இருமல்

அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய்ப் பகுதியை வெட்டி எடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது, எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனால் இந்த வறட்டு இருமல் மட்டும் விடுவதாக இல்லை. சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் போதும், தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இரும ஆரம்பித்துவிடுவார். நிணநீர்க் கணுக்களை எடுக்கும்போது பக்கத்தில் ஓடும், இருமலைத் தூண்டுகிற வேகஸ் நரம்பின் கிளைகள் சீண்டப்பட்டாலும் இப்படி ஆகலாமாம். "சளி இல்லப்பா, நரம்பு பண்ற வேலை" என்றேன். முறைத்தார்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் படித்தது: சீனாவில் இதற்கு அக்குபங்சர் புள்ளிகளில் லேசான மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஊசி கிடையாது, இசிஜிக்கு ஒட்டுவது மாதிரிப் பட்டைகள்தான். அவர்கள் அதிகம் பயன்படுத்தும் புள்ளிகளில் ஒன்று ஹெகு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். இன்னொன்று நெய்குவான், கையின் உட்பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் தள்ளி. மின்சாரம் 2 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இரண்டு முறை துடித்தால் ஒரு வகை, 100 ஹெர்ட்ஸில் வேறு வகை வலிநிவாரணிகளை உடம்பே சுரக்கிறது என்று பெய்ஜிங்கின் நரம்பியல் ஆய்வாளர் ஹான் ஜிஷெங் எப்போதோ காட்டிவிட்டார். அது வலிக்கு. இருமலுக்கு ஆதாரம் இன்னும் மெலிசுதான் என்று எனக்குப் படுகிறது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது ஆகாது. அப்பாவுக்கு அது இல்லை. சரி, வெள்ளிக்கிழமை செக்கப்பில் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். பக்கத்து அறையில் மறுபடி ஆரம்பித்துவிட்டார், வெந்நீர் கொண்டுபோகிறேன்.